காசு கொடுத்து வாங்கிய கேம் யாருடையது?

கணினியில் ஒரு கேம் வாங்குகிறீர்கள். பணம் போய்விட்டது. உங்கள் கணக்கில் கேமின் பெயரும் வந்து உட்கார்ந்துவிட்டது. சில வருடம் கழித்து ஒரு நாள் திறந்தால், இனி இதை நீங்கள் விளையாட முடியாது என்கிறது திரை. கணினி பழுதாகவில்லை. நீங்கள் எந்த விதியையும் மீறவில்லை. விற்றவர் நிறுத்திவிட்டார், அவ்வளவுதான்.

இப்படியெல்லாம் நடக்குமா என்று கேட்பீர்கள். நடந்திருக்கிறது. 'த க்ரூ' என்ற கார் பந்தய கேமை ஃபிரான்சின் யூபிசாஃப்ட் நிறுவனம் 2014 டிசம்பரில் வெளியிட்டது. அமெரிக்கா முழுவதையும் சுருக்கி ஒரே வரைபடமாக்கியிருந்தார்கள். நியூயார்க்கில் கிளம்பி, நடுவில் எங்கும் தடைபடாமல், லாஸ் ஏஞ்சலஸ் வரை ஓட்டிப் போகலாம். பந்தயமே வேண்டாம், சும்மா ஊர் சுற்றலாம் என்று விளையாடியவர்கள் நிறையப் பேர்.

2023 டிசம்பரில் அதைக் கடைகளிலிருந்து எடுத்தார்கள். 2024 மார்ச் 31 அன்று சர்வரை (நிறுவனத்திடம் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும் கணினியை) நிறுத்தினார்கள். அதோடு விடவில்லை. அடுத்த சில நாட்களில், வாங்கியவர்களின் கணக்கிலிருந்து உரிமத்தையே நீக்கத் தொடங்கினார்கள். டிஸ்க் வாங்கி அலமாரியில் வைத்திருந்தவர்களும் தப்பவில்லை. டிஸ்க் அப்படியே இருக்கிறது, கேம்தான் ஓடாது.

தனியாக ஊர் சுற்றுபவருக்குச் சர்வர் எதற்கு? நியாயமான சந்தேகம். பழைய கேம்களில் எல்லாமே உங்கள் கணினிக்குள் இருந்தன: வரைபடம், எதிராளிகள், எவ்வளவு தூரம் முன்னேறினீர்கள் என்ற கணக்கு. இன்றைய பல கேம்களில் இவற்றில் ஒரு பகுதியை மட்டும் நிறுவனம் தன் பக்கம் வைத்துக்கொள்கிறது. உங்கள் கையில் எத்தனை காசு, எந்த வண்டி உங்களுடையது என்பதெல்லாம் சர்வரில். நீங்கள் தனியாகவே விளையாடினாலும் உங்கள் கணினி நொடிக்கு நொடி அங்கே கேட்டுக்கொண்டே இருக்கும். பதில் வரவில்லை என்றால் கேம் நின்றுவிடும்.

ஏன் அப்படிச் செய்கிறார்கள்? திருட்டுப் பிரதியைத் தடுக்க என்பார்கள். அது பொய்யல்ல. ஆனால் கேமுக்குள்ளேயே வண்டியும் உடையும் ஆயுதமும் விற்கும் கடை நடத்த வேண்டும் என்றால், கணக்குப் புத்தகம் கடைக்காரர் கையில் இருந்தாக வேண்டும். பெரிய காரணம் அதுதான் என்பது என் எண்ணம்.

சர்வர் இல்லாமல் இந்த கேமை ஓட்டவே முடியாது என்று நிறுவனம் சொன்னால் நம்பலாமா? கொஞ்சம் யோசித்து நம்புங்கள். 2013 மார்ச்சில் இ.ஏ. நிறுவனத்தின் 'சிம்சிட்டி' வந்தது. நகரம் கட்டும் கேம், தனியாக உட்கார்ந்து ஆடுகிற வகை. ஆனாலும் இணைய இணைப்பு கட்டாயம். முதல் வாரத்திலேயே கூட்டம் தாங்காமல் சர்வர்கள் திணறின. முழு விலை கொடுத்தவர்கள் உள்ளே நுழையவே முடியாமல் வரிசையில் காத்திருந்தார்கள். இணைப்பில்லாமல் ஓட வைப்பது லேசான வேலையல்ல என்று நிறுவனம் சொன்னது. கேமின் கோப்புகளைத் துருவிப் பார்த்த ஆர்வலர்கள், இணைப்பைத் துண்டித்த பிறகும் நகரம் பாட்டுக்கு ஓடுவதைக் காட்டினார்கள். ஒரு வருடம் கழித்து, 2014 மார்ச்சில், நிறுவனமே ஆஃப்லைன் வசதியைக் கொடுத்தது.

சரி, காசு கொடுத்து வாங்கியதை எப்படிப் பறிக்க முடியும்? இங்கேதான் விஷயம் இருக்கிறது. சட்டப்படி நீங்கள் கேமை வாங்கவில்லை. அதைப் பயன்படுத்த அனுமதி (உரிமம்) மட்டும் வாங்கியிருக்கிறீர்கள். 'ஒப்புக்கொள்கிறேன்' என்று படிக்காமலே அழுத்தினோமே, அந்த நீண்ட ஒப்பந்தத்தில் இது எழுதியிருக்கும். உரிமத்தை எப்போது வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளலாம் என்றும் பெரும்பாலும் இருக்கும்.

ஒரு புத்தகம் வாங்கினால், பதிப்பகம் மூடப்பட்டாலும் புத்தகம் உங்கள் வீட்டில் இருக்கும். மின்புத்தகத்துக்கு அந்த உத்தரவாதம் இல்லை. 2009 ஜூலையில் அமேசான், உரிமை இல்லாத ஒருவர் விற்றுவிட்டார் என்று சொல்லி, ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984', 'விலங்குப் பண்ணை' ஆகியவற்றின் சில பிரதிகளை வாசகர்களின் கிண்டில் கருவிகளிலிருந்து தானாகவே அழித்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தது, பிறகு மன்னிப்பும் கேட்டது. அத்தனை நாவல்கள் இருக்க, எல்லோரையும் கண்காணிக்கும் அரசைப் பற்றிய நாவலா இதற்கு அகப்பட வேண்டும்!

இதைக் கடைக்காரர் முன்பே சொல்ல வேண்டாமா? சொல்ல வேண்டும் என்று கலிஃபோர்னியா மாநிலம் 2024 செப்டம்பரில் சட்டம் கொண்டுவந்தது. 2025 ஜனவரி 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. உரிமம் மட்டும் தருபவர், அதைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்ற பொத்தானை வைக்கக் கூடாது. டவுன்லோடு செய்து இணையமில்லாமல் என்றைக்கும் பயன்படுத்தக்கூடிய பொருளுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. சட்டம் ஒரு மாநிலத்துக்குத்தான். ஆனால் அதற்குப் பிறகு கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் என்ற இணையக் கடையில் பணம் கட்டும் பக்கத்திலேயே 'இது உரிமம்தான்' என்ற ஒரு வரி வந்துவிட்டது. சிறிய எழுத்துதான். அடுத்த முறை கட்டணப் பக்கத்தில் தேடிப் பாருங்கள்.

அப்படியென்றால் நான் வாங்கியதெல்லாம் ஒருநாள் போய்விடுமா? இல்லை, பதற வேண்டாம். 'கடையிலிருந்து எடுத்துவிட்டார்கள்' என்ற செய்தியையும் 'சர்வரை நிறுத்துகிறார்கள்' என்ற செய்தியையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். மைக்ரோசாஃப்டின் 'ஃபோர்ட்சா ஹொரைசன் 4' கார் கேமை 2024 டிசம்பரில் கடையிலிருந்து எடுத்தார்கள். கேமில் வரும் நிஜக் கார்களுக்கும் பாட்டுகளுக்கும் போட்ட உரிம ஒப்பந்தங்கள் முடிகிறபோது இப்படி ஆகும். புதிதாக வாங்க முடியாது. முன்பே வாங்கியவர்கள் தொடர்ந்து ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். பயப்பட வேண்டியது இரண்டாவது வகைச் செய்திக்குத்தான்.

டிஸ்க் வாங்கினால் பிரச்சினை தீருமா? முன்பு தீர்ந்தது. இப்போது பாதிதான். 2025 மே மாதம் வந்த 'டூம்: த டார்க் ஏஜஸ்' கேமின் பிளேஸ்டேஷன் 5 டிஸ்க்கில் இருந்தது ஏறக்குறைய 85 எம்பி. மிச்சம் முழுக்க டவுன்லோடு. நின்டெண்டோவின் ஸ்விட்ச் 2 கருவிக்கு வரும் சில அட்டைகளில் கேமே இருக்காது, டவுன்லோடு செய்யும் அனுமதி மட்டுமே இருக்கும். உறையின் முன்பக்கத்தில் அதைச் சொல்லியிருப்பார்கள், பார்த்து வாங்குங்கள். இத்தகைய அட்டையை விளையாடி முடித்து அடுத்தவருக்கு விற்கலாம், அந்த ஒரு நன்மை உண்டு. கணினி கேம்களுக்கோ, கடையில் விற்கும் பெட்டிக்குள் வெறும் குறியீட்டு எண் அச்சடித்த காகிதம் இருப்பது சாதாரணமாகிவிட்டது. அதை ஒருமுறை பயன்படுத்தினால் முடிந்தது.

நிறுத்தும்போது பணம் திரும்பக் கிடைக்குமா? நிறுவனத்தின் மனதைப் பொறுத்தது. சோனியின் 'கான்கார்ட்' கேம் 2024 ஆகஸ்ட் 23 அன்று வந்து, ஆள் சேராமல், செப்டம்பர் 6 அன்று மூடப்பட்டது. வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். கூகுள் தன் 'ஸ்டேடியா' கேம் சேவையை 2023 ஜனவரியில் மூடியபோது கேம்களுக்கும், தன் கடையில் விற்ற கருவிகளுக்கும் பணத்தைக் கொடுத்துவிட்டது. 'த க்ரூ' விஷயத்தில் கடைசி நேரத்தில் வாங்கியவர்களுக்கு மட்டும்தான் அந்த வாய்ப்பு. ஒன்பது வருடத்துக்கு முன் வாங்கியவருக்கு ஒன்றுமில்லை. ஒன்பது வருடம் ஆடிவிட்டாரே, போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். அவர் வாங்கியபோது எத்தனை வருடம் என்று எங்கும் எழுதவில்லையே.

இனி உங்கள் பணத்துக்கு வருவோம். வாங்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

ஸ்டீம் கடையில் ஒரு கேமின் பக்கத்தைத் திறந்தால், வலது ஓரத்தில் தகவல் கட்டங்கள் அடுக்கியிருக்கும். 'சிங்கிள் பிளேயர்' என்று முதலில் போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு நிம்மதியாக நகர்ந்துவிடாதீர்கள். இன்னும் கொஞ்சம் கீழே, நிறம் மாறிய கட்டத்தில் இரண்டு விஷயங்கள் இருக்கலாம். ஒன்று, வேறொரு நிறுவனத்தின் கணக்கும் தேவை என்பது. மற்றொன்று டிஆர்எம் (நீங்கள் காசு கொடுத்தவர்தானா என்று கேமே சோதித்துப் பார்க்கும் ஏற்பாடு) சேர்த்திருக்கிறது என்பது. இரண்டும் இருந்தால், உங்கள் கேம் ஸ்டீமை மட்டுமல்ல, இன்னொரு நிறுவனத்தின் தயவையும் நம்பியிருக்கிறது என்று பொருள்.

கணக்கு தேவை என்பது அவ்வளவு பெரிய விஷயமா? இலங்கையில் இருக்கும் வாசகர்களுக்கு இது நன்றாகவே புரியும். 2024 மே மாதம், ஸ்டீமில் 'ஹெல்டைவர்ஸ் 2' வாங்கியவர்கள் எல்லோரும் பிளேஸ்டேஷன் கணக்கை இணைக்க வேண்டும் என்றது சோனி. அந்தக் கணக்கை முறைப்படி தொடங்க வசதியில்லாத நாடுகள் உலகில் ஏராளம், இலங்கையும் அவற்றில் ஒன்று. 170க்கும் மேற்பட்ட நாடுகளிலும் பகுதிகளிலும் கேமின் விற்பனையே நின்றது. விளையாடுபவர்கள் கொதித்தெழ, மூன்றே நாளில் சோனி பின்வாங்கியது. எல்லா முறையும் இவ்வளவு சத்தம் எழும் என்று சொல்ல முடியாது.

வாங்கிய பிறகு சோதித்துப் பார்க்க வழி உண்டா? உண்டு, காசும் போகாது. ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால், காரணம் எதுவானாலும் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். அந்த 2 மணி நேரத்தை இப்படிப் பயன்படுத்துங்கள். கேமை இறக்கி ஒருமுறை இணையத்தோடு திறந்து மூடுங்கள். பிறகு ஸ்டீம் மெனுவில் 'கோ ஆஃப்லைன்' என்பதை அழுத்துங்கள். வைஃபையையும் அணைத்துவிடுங்கள். இப்போது கேமைத் திறந்து, முதல் கட்டம் வரை போய்ச் சேர்கிறதா என்று பாருங்கள். முகப்புப் படம் வந்து, இசை ஓடி, 'இணைக்கிறது' என்று சுற்றிக்கொண்டே நின்றால் விடை தெரிந்துவிட்டது.

இதில் ஒரு எச்சரிக்கை. கேம் திறந்திருக்கும் நேரமெல்லாம் கணக்கில் ஏறும். அமைப்புகளை மாற்றிக்கொண்டிருந்தாலும், நீண்ட அறிமுகக் காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தாலும், டீ போட எழுந்து போனாலும் ஏறும். ஆகவே வாங்கிய உடனே முதல் வேலையாக இதைச் செய்யுங்கள். வாங்குவதும் திருப்புவதுமாகவே இருந்தால் ஸ்டீம் அந்த வசதியை நிறுத்திவிடலாம், அதையும் நினைவில் வையுங்கள்.

டவுன்லோடு அளவைப் பார்க்க மறந்துவிடாதீர்கள். 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' கேமுக்கு 150 ஜிபி இடம் வேண்டும். நாளுக்கு 2 ஜிபி தரும் மொபைல் பிளானை நம்பி இறக்கினால், வேறு எதையுமே பார்க்காமல் இருந்தாலும் 75 நாள் வரை ஆகலாம். பிளேஸ்டேஷன் 5 வாங்குபவர்கள் கவனிக்க: முதலில் வந்த மாடலில் 825 ஜிபி என்று போட்டிருந்தாலும் நம் கையில் கிடைப்பது 667 ஜிபிதான். இந்த அளவில் நான்கு கேம் போட்டால் ஐந்தாவதுக்கு ஒன்றை அழிக்க வேண்டும். அழித்ததை மறுபடி இறக்க சர்வர் இருக்க வேண்டும். சுற்றிச் சுற்றி அங்கேதான் வருகிறோம்.

பழைய கணினி வைத்திருப்பவர்களுக்கு வேறொரு தொல்லை. விண்டோஸ் 7, 8 ஆகியவற்றுக்கான ஆதரவை ஸ்டீம் 2024 ஜனவரி 1 அன்று நிறுத்திவிட்டது. அந்தக் காலக் கணினி, அந்தக் கால கேம், இரண்டும் நன்றாகவே இருக்கலாம். நடுவில் இருக்கும் கடை மென்பொருளுக்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

பூட்டில்லாத கேமே கிடைக்காதா? கிடைக்கிறது. போலந்தைச் சேர்ந்த ஜிஓஜி என்ற இணையக் கடை டிஆர்எம் இல்லாமல்தான் விற்கிறது. பணம் கட்டியதும் கேமை நிறுவும் கோப்பை (இன்ஸ்டாலரை) முழுதாக இறக்கி, வெளி ஹார்ட் டிஸ்க்கில் போட்டு வைத்துக்கொள்ளலாம். கடை நாளை மூடினாலும் அந்தக் கோப்பு வேலை செய்யும். புதிதாக வரும் பெரிய கேம்கள் எல்லாம் அங்கே வருவதில்லை, அது குறைதான். ஒரே கேம் இரண்டு கடையிலும் இருந்து விலையும் ஒன்றாக இருந்தால், நான் யோசிக்காமல் ஜிஓஜி பக்கம் போவேன்.

என் கணக்கைப் பிள்ளைகளுக்கு விட்டுப்போகலாமா? ஸ்டீம் ஒப்பந்தப்படி கணக்கை விற்கவோ இன்னொருவருக்கு மாற்றவோ முடியாது. ஆனால் ஒரே வீட்டில் இருப்பவர்கள், உங்களோடு சேர்த்து 6 பேர் வரை, 'ஸ்டீம் ஃபேமிலீஸ்' வழியாக ஒருவர் வாங்கியதை மற்றவர் ஆடலாம். அண்ணனும் தங்கையும் ஒரே கேமை இரண்டு முறை வாங்கும் முன், இருவருமே ஒரே நேரத்தில் ஆட வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வேண்டாமென்றால் ஒன்று போதும்.

நான் கேமே ஆடுவதில்லை, எனக்கு இதனால் என்ன? உங்கள் வீட்டில் செயலி மூலம் எரியும் விளக்கோ வாசல் கேமராவோ இருந்தால் இது உங்களுக்கும்தான். ஸ்பாட்டிஃபை நிறுவனம் அமெரிக்காவில் காரில் பொருத்தும் 'கார் திங்' என்ற சிறு திரையை விற்றது. 2024 டிசம்பர் 9 அன்று எல்லாக் கருவிகளையும் ஒரே நாளில் செயலிழக்கச் செய்தது. எதிர்ப்பு எழுந்த பிறகு, கேட்டவர்களுக்குப் பணத்தைத் தந்தது. கடையில் இப்படிப்பட்ட கருவியை வாங்கும்போது, 'நெட் இல்லாவிட்டால் இது என்ன செய்யும்?' என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். விற்பனையாளருக்குத் தெரியவில்லை என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

சட்டம் ஏதாவது மாறுமா? 'த க்ரூ' நிறுத்தப்பட்டதும், யூடியூபில் கேம் பற்றிப் பேசும் ராஸ் ஸ்காட் என்பவர் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கத்தைத் தொடங்கினார். ஐரோப்பிய ஒன்றியத்தில் 10 லட்சம் குடிமக்கள் கையெழுத்திட்டால் ஒரு கோரிக்கையை ஐரோப்பிய ஆணையம் பரிசீலித்துப் பதில் சொல்ல வேண்டும். 2025 ஜூலையில் அந்த எண்ணிக்கையைத் தாண்டினார்கள். கோரிக்கை பலர் நினைப்பது போல 'சர்வரை என்றென்றும் ஓட்டு' என்பதல்ல. நிறுத்தும்போது, வாங்கியவர் தானாக ஆடக்கூடிய நிலையில் கேமை விட்டுப் போ என்பதுதான். அது செலவு பிடிக்கும் வேலை, ஆன்லைனுக்கென்றே உருவாக்கிய கேமுக்குப் பொருந்தாது என்கிறது கேம் நிறுவனங்களின் ஐரோப்பியச் சங்கம். சில கேம்களுக்கு அது உண்மையாகவே இருக்கும். ஆனால் யூபிசாஃப்டே 'த க்ரூ 2' கேமுக்கு ஆஃப்லைன் வசதியைச் செய்து கொடுத்துவிட்டதே!

இந்தியாவில் கேம்களுக்கென்று இப்படியொரு சட்டம் இல்லை. பணத்தைப் பிடித்துக்கொண்டு கேமைத் தரவில்லை, இருமுறை பணம் எடுத்தார்கள் என்பது போன்ற புகார்களுக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. பணம் கட்டியதற்கான மின்னஞ்சலை அழிக்காமல் வைத்திருந்தால்தான் பேச முடியும்.

கடைசியாக, ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவற்றுக்கு என்ன செய்யலாம்? மூடப்போகும் அறிவிப்பு பெரும்பாலும் சில மாதம் முன்னதாக வரும். 'த க்ரூ' ஆட்டக்காரர்களுக்கு மூன்றரை மாதம் கிடைத்தது. அறிவிப்பு வந்ததும் அந்த கேமுக்குள் காசு போடுவதை நிறுத்துங்கள். முன்பே வாங்கிய கேம் நாணயங்கள் மிச்சமிருந்தால் செலவழித்துவிடுங்கள், அவை பெரும்பாலும் பணமாகத் திரும்பாது. ஆஃப்லைன் திருத்தம் வருகிறதா என்று பார்த்து, வந்தால் சர்வர் இருக்கும்போதே இறக்கிக்கொள்ளுங்கள். இந்த அறிவிப்புகள் கணக்கில் பதிந்திருக்கும் மின்னஞ்சலுக்குத்தான் வரும். அது கல்லூரி நாட்களில் தொடங்கி, கடவுச்சொல் மறந்துபோன பழைய முகவரி என்றால், இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.